கலந்துபோன திசு

"மறுபடியும் ஒண்ணேதானா? என்னம்மா, கண்ண மூடிக்கிட்டா குழாய்ல ஊத்தறீங்க?"

டாக்டர் பேனாவால் திரையைத் தட்டினார். இரண்டு நோயாளிகளின் வரைகோடுகள். இரண்டும் ஒரே இடத்தில் ஊசிபோல் உயர்ந்து நின்றன.

டெக்னீஷியன் பல்லைக் கடித்துக்கொண்டாள். "மூணாவது தடவை சார். பிளேடு மாத்தி, திசுவைப் பதிச்சு வெச்ச மெழுகுலேருந்து புதுசா சீவி எடுத்தேன். வெறும் தண்ணி வெச்ச குழாய்ல ஒண்ணுமே வரல. எங்க சார் கலக்கும்?"

"அதத்தானே நானும் கேக்கறேன்!"

நிணநீர்க் கட்டியில் பெருகுகிற புற்றுச் செல்கள் எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள். அந்த முதல் செல்லில் மரபணு எப்படி வெட்டி ஒட்டப்பட்டதோ, அதுதான் அதன் கைரேகை. இங்கே ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டிக்கும் ஓர் ஆணின் அக்குள் கட்டிக்கும் ஒரே ரேகை.

"மரபணுவோட எழுத்து வரிசையும் படிச்சுப் பாத்துட்டேன். ஓர் எழுத்துகூட மாறல சார்."

"அப்ப ரொம்ப சுத்தமா கலந்திருக்கீங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் போட்டார். "ஒருத்தர் திசு இன்னொருத்தர் பேர்ல ஏறியிருக்கு. யாருக்கு நோய், யாருக்கு மருந்து? ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். ரத்தம் எடுத்து ஒத்துப் பாருங்க. தப்பு உங்களோடதுன்னா இந்த மேசைப் பக்கமே வர வேண்டாம்."

"என்னோடது இல்லன்னா?"

"அது எப்படி இல்லாம போகும்?"

அவள் விருட்டென்று ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு நடைகூடத்துக்குப் போனாள். டாக்டரும் விடாமல் பின்னாலேயே வந்தார்.

பெஞ்சில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தள்ளி உக்காருடா, மூச்சு முட்டுது."

"நீ தள்ளுக்கா. பாதி பெஞ்சு உன் பைக்கே சரியாப் போச்சு."

"அக்கா, தம்பியா?" டாக்டரின் குரல் ஏறியது. "பாத்தீங்களா! அப்பா பேரு ஒண்ணு, முகவரி ஒண்ணு. ஒரே திசுவுக்கு ரெண்டு பேர் சீட்டையும் ஒட்டியிருக்கீங்க. ரெட்டைப் பிள்ளைங்களுக்கே இந்த ரேகை ஒண்ணா வராதும்மா!"

டெக்னீஷியனுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே அப்படித்தான் ஒட்டிவிட்டோமோ?

"அந்தப் பொண்ணை ஏன் திட்டறீங்க டாக்டர்?" அக்கா சிரித்தாள். "எங்கிட்ட எது இருந்தாலும் இவனுக்கும் வேணும். எனக்குக் கட்டின்னதும் இவனும் ஒண்ணு வாங்கிக்கிட்டான். முன்ன ரத்தப் புற்றுநோய்ல போகப் பாத்தவன் சார் இவன். என் எலும்பு மஜ்ஜையைக் குடுத்துல்ல பிழைக்க வெச்சேன்!"

டாக்டரும் டெக்னீஷியனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அன்றே கெட்டுப்போயிருந்த ஒரு செல்லும் அந்த மஜ்ஜையோடு தம்பிக்குப் போயிருக்கிறது என்பதை, பெருமையோடு சிரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் யார் சொல்வது?