முகம் பாக்குறவுக பாத்துக்கங்க

"அண்ணே, அம்மாவ இன்னும் எறக்கலையாண்ணே?"

போனுக்குள் இருந்து ஆனந்த்ராஜ் விசும்பினான்.

"ஆம்புலன்ஸ் இப்பத்தான் வந்துச்சு. செத்த நேரம் பொறு" என்றான் காத்தமுத்து. திண்டுக்கல் மின்மயானத்து வேப்பமரத்தடியில், தலை முதல் கால் வரை மூடிய கவச உடைக்குள் அவன் வெந்துகொண்டிருந்தான்.

கொரோனாவின் இரண்டாவது அலை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானம். உள்ளே வர ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. தம்பி மஸ்கட்டில் மாட்டிக்கொண்டான். அவனும் சொந்தபந்தம் முப்பத்தெட்டுப் பேரும் வீடியோ காலில் காத்துக்கிடந்தார்கள், அம்மா சிவனம்மாளின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட.

போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும், எதை அமுக்க வேண்டும் என்று மகள் ஜீவிதா காலையிலேயே பாடம் நடத்தியிருந்தாள். "எல்லாம் தெரியும் போ" என்று பாதியிலேயே கிளம்பி வந்திருந்தான் காத்தமுத்து.

"ஐயோ ஆனந்து, கடல் தாண்டிக் கெடந்து தவிக்கிறியே சாமி!" நிலக்கோட்டை அத்தை சோலையம்மாள் ஒப்பாரியை ஆரம்பித்தாள். "ஒங்கம்மாவுக்கு உன்மேலதானய்யா உசுரு!"

"அழுகாத ஆனந்து. மொதல்ல ஒரு வாய் சாப்புடுப்பா" என்றாள் பெரியம்மா மகள் மகேஸ்வரி.

காத்தமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷமாக அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டவன் அவன். தினமும் சர்க்கரை ஊசி போட்டவன் அவன். படுக்கை கிடைக்காமல் மூன்று ஆஸ்பத்திரி வாசலில் அவளைச் சுமந்துகொண்டு நின்றவனும் அவன்தான். அவன் சாப்பிட்டானா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அவனிடம் கடைசியாகக் கேட்டதே, "சின்னவன் பேசுனானா?" என்றுதான். வருஷத்துக்கு ஒரு தடவை சென்ட் பாட்டிலோடு வந்து போகிறவனுக்கு அத்தனை மவுசு. கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஏப்பா காத்தமுத்து, போன ஆட்டாமப் பிடி. பாவம், ஆனந்து நல்லாப் பாக்கணும்" என்று அதட்டினாள் அத்தை.

அவ்வளவுதான். போனில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டான். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், உங்கள் ஆனந்து புராணம் மட்டும் என் காதில் விழ வேண்டாம்.

ஆம்புலன்ஸ் கதவு திறந்தது. உதவிக்கு வந்த தன்னார்வலர் முகமது பாரூக் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, பையின் ஜிப்பைக் கழுத்து வரை இறக்கினார்.

"முகம் பாக்குறவுக பாத்துக்கங்கண்ணே. ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல விடமாட்டாங்க."

காத்தமுத்து போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். போன்மேல் பிளாஸ்டிக், அவன் போட்டிருந்த கவசக் கண்ணாடிக்குள் வியர்வை ஆவி. திரை முழுக்க நிறைந்திருந்த தம்பிதான் அவனுக்குத் தெரிந்தான்.

ஆனந்த்ராஜ் வாய் பிளந்து கத்தினான். தலையில் அடித்துக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான்.

'நடிப்பைப் பாரு. அம்மா உசுரோட இருந்தப்ப ஒரு ராத்திரியாவது கூட இருந்தியாடா?' காத்தமுத்து மாஸ்க்குக்குள் முனகினான். அழுகையில்கூட இவன்தான் முந்துகிறான். தம்பி முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இப்போது ஆனந்த்ராஜ் ஒரு விரலை வட்டமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான்.

அம்மாவைச் சுற்றி வரச் சொல்கிறானாம்! மூத்தவனுக்கு முறை சொல்லிக் கொடுக்கிறான். காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, கொள்ளிக்குடம் இல்லாத குறைக்குப் போனைத் தூக்கிக்கொண்டே மூன்று முறை சுற்றி வந்தான். அதற்கும் தம்பி தலையில்தான் அடித்துக்கொண்டான்.

"மூடிறவாண்ணே? பாத்துட்டீகளா?" என்றார் பாரூக்.

"பாத்தாச்சு. அம்புட்டுப் பேரும் பாத்தாச்சு. மூடுங்க."

ஜிப் ஏறியது. வண்டி உள்ளே போனது. இரும்புக் கதவு இறங்கியது.

வேப்பமரத்தடிக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி, போனில் சத்தத்தைக் கூட்டினான். யாரும் அழவில்லை.

"என்னப்பா, எல்லாரும் நல்லாப் பாத்தீகளா?" என்றான் குத்தலாக.

ஆனந்த்ராஜின் தொண்டை கட்டியிருந்தது. "நீ கேமராவத் திருப்பவே இல்லையேண்ணே. ஆரம்பத்துல இருந்து உன்னைய மட்டுந்தாண்ணே காட்டுச்சு. திருப்பு, திருப்புன்னு அம்புட்டுப் பேரும் கத்துனோம். கையக் காட்டிக்கூடச் சொன்னேன். உனக்குத் தெரியல."

காத்தமுத்து போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள் தானே நிற்பதை இப்போதுதான் கண்டான்.

"விடுண்ணே, நீ என்ன செய்வ? எனக்குக் குடுத்துவைக்கல. நீயாவது கிட்ட நின்னு கண்ணாரப் பாத்தியே, அது போதும்." ஆனந்த்ராஜ் மூக்கை உறிஞ்சினான். "சொல்லுண்ணே, அம்மா மொகம் எப்படிண்ணே இருந்துச்சு?"

காத்தமுத்து இரும்புக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அந்த இரண்டு நிமிஷமும் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தம்பி முகத்தைத்தான்.