ஒரு அடி பாக்கி

“போச்சு! மறுபடியும் கோட்டை விட்டுட்டியே தம்பி!”

தபால்காரர் போட்ட கூச்சலில் ஊசி குத்தியிருந்த கை அசைந்தது. டயாலிசிஸ் மெஷினும் அவரோடு சேர்ந்து அலறியது.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் ஓடி வந்தாள். மெஷினை அடக்கி, குழாயைச் சரிபார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த லாரி டிரைவரை ஒரு முறை முறைத்தாள்.

டிரைவரின் மடியில் வீடியோ கேம் கண்ட்ரோலர். எதிர்ச்சுவர் டி.வி.யில் பேஸ்பால் மைதானம். நடுவில் மட்டையோடு தலையைத் தொங்கப் போட்டு நின்றான் ஒரு தடியன்.

“சின்னப் பிள்ளைங்களா நீங்க? ரெண்டு பேருக்கும் ரத்தம் சுத்தமாகிட்டு இருக்கு. ஞாபகம் இருக்கா, இல்லையா?”

“உங்களுக்குத் தெரியாது நர்ஸம்மா.” தபால்காரருக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “நம்ம இடி இருக்கானே, அந்த ஒரு பந்தை வெளியே அனுப்பியிருந்தான்னா, இந்நேரம் பெரிய லீக்குக்குப் போயிருப்பான்!”

“இடியா? யாரு அது?”

“நாங்க வளர்த்த பிள்ளை!” டி.வி.யைக் காட்டினார்.

அந்த விளையாட்டில் ஒரு ஆட்டக்காரனை நாமே உருவாக்கி, சின்ன டீமில் சேர்த்துவிட வேண்டுமாம். ஆட ஆடப் பாயிண்ட் கிடைக்குமாம். அதைப் போட்டுப் போட்டு ஆளை வளர்க்க வேண்டுமாம்.

“வந்த புதுசுல ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தான் சிஸ்டர்,” என்றார் டிரைவர். “ஓட்டம், கேட்ச் எதுக்கும் நாங்க பாயிண்ட் போடல. அத்தனையும் அடிக்கிற பலத்துக்குத்தான். ஒரு கைதான் ஊசியில மாட்டிக்கிச்சே. மிச்சம் இருக்கிற கையால ஒரு பட்டனைத்தானே அமுக்க முடியும்? பட்டா ஹோம் ரன், நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. படலேன்னா வீட்டுக்கு.”

“சும்மா இருப்பா. பலத்தை மட்டும் வச்சுக்கிட்டு இவன் காத்தைத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தான். கோச் இவனை பெஞ்சுலயே உட்கார வச்சிட்டாரு. கண்ணுக்கும் கொஞ்சம் போடு, எது நல்ல பந்து, எது ஏமாத்துற பந்துன்னு தெரிய வேணாமான்னு நான்தான் சொன்னேன். அப்புறம் பாருங்க நர்ஸம்மா! ஒரு நாள் அடிச்ச பந்து கூரைக்கு மேல போயிருச்சு. எங்க விழுந்துச்சுன்னே தெரியல!”

சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது தபால்காரர் முகம்.

“பெரிய லீக்குக்கு இன்னும் ஒரே ஒரு ஹோம் ரன்தான் பாக்கி. அதுலதான் கொஞ்ச நாளா சொதப்புறான். அவன் எங்க சொதப்புறான்? இந்த மகராசன்தான்!”

டிரைவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

தபால்காரரின் நேரம் முடிந்தது. நர்ஸ் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே விரலை ஆட்டினார்.

“நாளன்னைக்கும் விட்டேன்னு வை, உன்கூடப் பேச்சே கிடையாது!”

அவர் தலை மறைந்ததும் நர்ஸ் டிரைவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, இனிமே இதைப் பூட்டி வைக்கப் போறேன். ஆடத் தெரியாம ஆடி, ஏன் அந்தப் பெரிய மனுஷரைப் போட்டுப் படுத்துறீங்க?”

டிரைவர் கண்ட்ரோலரை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய்ப் பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து வருவதற்குள், ‘டொக்’ என்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று.

டி.வி.யில் இடி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். வேகப் பந்து, மெதுவான பந்து, கடைசி நேரத்தில் வளையும் பந்து என எது வந்தாலும் கூட்டத்துக்கு மேலே பறந்தது. டிரைவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தபடி, கட்டை விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு பந்துகூடத் தப்பவில்லை.

நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அப்போ அவர் இருக்கும்போது வேணும்னுதான் விடுறீங்களா? அவரைத் தவிக்க விட்டு வேடிக்கை பார்க்கிறதுல என்ன அல்ப சந்தோஷம் அண்ணே?”

டிரைவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சம்சாரம் தவறினதும் அண்ணன் இங்க வர்றதையே நிறுத்திட்டார் சிஸ்டர். இனிமே யாருக்காக இந்தக் குத்து வாங்கணும்னு கேட்டார். வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். ‘சரி, இடி பெரிய லீக்குக்குப் போறதை மட்டும் பார்த்துட்டு நிறுத்திக்கிறேன்’னு சொல்லித்தான் வந்தார்.”

நர்ஸ் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த முரட்டுக் கட்டை விரலை அன்றுதான் சரியாகப் பார்த்தாள்.

அடுத்த முறையும் ஆட்டம் கடைசிப் பந்துக்கு வந்து நின்றது. தபால்காரர் கண்ணை இமைக்கவில்லை.

பந்து கிளம்பிய நேரம் பார்த்து, மருந்துத் தட்டோடு டி.வி.க்குக் குறுக்கே நடந்தாள் நர்ஸ்.

“ஐயோ, கெடுத்தீங்களே நர்ஸம்மா!”

“தெரியாம வந்துட்டேன் ஐயா, கோவிச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் முடியாது. நாளன்னைக்கு நான் வரும்போது நீங்க இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது, சொல்லிட்டேன்!”