மாத்திரை போட்டீங்களா?

"மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"போட்டேன்மா, போட்டேன். வீட்டை விட்டுக் கிளம்பறப்பவே..."

"பொய் சொல்லாதீங்க! சட்டைப் பையில அட்டை எட்டிப் பாக்குது. ஒண்ணுகூடப் பிரிக்கல."

"எல்லாரும் பாக்கறாங்க, மெதுவா..."

"பாக்கட்டும். ஊருக்கெல்லாம் வாய் கிழியச் சொல்லத் தெரியுது. தனக்குன்னு வந்தா மட்டும் மறதி!"

நீதிமன்றத் தாழ்வாரத்தில், ஒரு கால் ஆடும் பெஞ்சில் நடந்தது இந்தச் சண்டை. அந்த அம்மாள் துணிப்பைக்குள் கையை விட்டு, பழுத்துப்போன காகிதக் கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நீட்டினாள். பெரியவர் மாத்திரையை விழுங்கிவிட்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

பெஞ்சின் மறு கோடியில் இருந்த இளம்பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக வராத சிரிப்பு. அவள் மடியில் புது ஃபைல். உள்ளே நாலே தாள்.

"முதல் வாய்தாவா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"ஆமாம்மா. என் வீட்டுக்காரர். காய்ச்சல்னு சேர்த்தோம். வேற யாருக்கோ ஏத்த வேண்டிய ரத்தத்தை இவருக்கு ஏத்திட்டாங்க. உங்களுக்கு?"

"பொண்ணு. குடல்வால் ஆபரேஷன். மயக்க ஊசி போட்டாங்க, முழிக்கவே இல்ல. இருந்தா உன்னைவிடப் பெரியவளா இருப்பா."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"கேஸ் போட்டு எத்தனை வருஷமாச்சு?"

"பதினேழு. அதுல ஒன்பது வருஷம் மேல்கோர்ட் ஸ்டே. முதல்ல வந்த ஜட்ஜ் கருகருன்னு தலைமுடியோட வந்தார். நரைச்சு, ரிட்டயராகிப் போயே போயிட்டார். இப்ப இருக்கறவர் அஞ்சாவது."

"நடுவுல யாராவது தவறிட்டா?"

"வாரிசைச் சேர்த்து நடத்துவாங்க. சாவு ஆளுக்குத்தான்மா, கேஸுக்குக் கிடையாது." சொல்லிவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "வக்கீல் நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டா இப்படித்தான்."

"சட்டம் எனக்கு என்னம்மா தெரியும்? போடுங்கன்னார், போட்டேன்."

"நல்லாப் போட்டீங்க, போங்க."

டவாலி வாசலில் நின்று வழக்கு எண்ணைக் கூவினார். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். இளம்பெண் ஃபைலைத் திறந்து முதல் தாளைப் படித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஸ்டே இன்னும் நிக்குதாம். அஞ்சு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க."

"அஞ்சு மாசம்..." பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "அதுவரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ. இதயம் பாதிதான் வேலை செய்யுது."

"வாயைக் கழுவுங்க!" அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "பாதி போதும். அதை வெச்சுக்கிட்டு இருங்க. உப்பைக் குறைங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க. எனக்காகவாவது இருங்க."

பெரியவர் சுவரைப் பிடித்தபடி மாடிப்படியை நோக்கி நடந்தார்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அவள்.

இளம்பெண்ணின் கண் கலங்கியது. "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. சண்டை போடவாவது பக்கத்துல வீட்டுக்காரர் இருக்கார்."

அந்த அம்மாள் படிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரர், தீர்ப்பு இதோ வரும் இதோ வரும்னு காத்திருந்தே போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சும்மா. இவர்தான் அந்த மயக்க ஊசி போட்ட டாக்டர். தீர்ப்பை வாசிக்கிற அன்னிக்குத் தன் காதால கேக்க இவராவது உயிரோட இருக்க வேணாமா?"