ஏழாவது சால் துவரை

காசியம்மாளைக் கையும் களவுமா பிடிச்சுக் கொண்டாந்து நிறுத்திட்டான் பக்கத்து நிலத்துக்கார மூர்த்தி. தலையில முக்காடு, இடுப்புல ஒரு சின்ன சாக்குப்பை. பை வாயை இறுக்கிக் கட்டி இருந்தது. கால் பூரா பனி ஈரம்.

"பத்து நாளா பாக்குறேன்ண்ணே. விடியறதுக்குள்ள உங்க துவரைக்குள்ள பூந்துட்டு வர்றா"ன்னான் அப்பாதுரைகிட்ட.

எங்க ஊர் அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதை டீக்கடை வாசல்ல நடந்தது இது. டீ குடிக்க வந்தவங்க, பால் ஊத்த வந்தவங்கன்னு இருபது பேர் கூடிட்டோம்.

அப்பாதுரை ஆடியில ஏர் ஓட்டின ஆறு சால்ல கம்பு, ஏழாவது சால்ல துவரைன்னு கலந்து போட்டிருந்தான். கம்பு அறுத்தாச்சு. துவரை மட்டும் நின்னு காய்ச்சுக்கிட்டிருக்கு. ஊர்ல எல்லார் துவரையையும் காய்ப்புழு தின்னுது, அவனுது மட்டும் மருந்தே அடிக்காம பச்சப்பசேல்னு நிக்குது. எல்லாம் என் கை ராசின்னு ஒரு மாசமா இதே டீக்கடையில சொல்லிக்கிட்டிருந்தான்.

கம்பு விதைச்சதுதான் அவன் கை. ஏருக்குப் பின்னால நடந்து துவரை விட்டவ இந்தக் காசியம்மா. புருசன் இல்லாதவளை விதை தொட விடறது எங்க ஊர் வழக்கம் இல்ல. அப்பாதுரை பொண்டாட்டி வள்ளிதான் ஒத்தைக்கால்ல நின்னு அவ மடியில விதையைக் கொட்டினா. அன்னிக்கே ஜாஸ்தி பேர் முணுமுணுத்தாங்க. நானுந்தான்.

இனிமே இவளை எவனும் களையெடுக்கக்கூட கூப்பிடக் கூடாதுன்னுட்டான் அப்பாதுரை. கூலி வேலையை விட்டா அவளுக்கு வேற பொழப்பு கிடையாது.

சேதி கேட்டு வள்ளி ஓடி வந்தா. "பையைப் பிரிச்சுக் காட்டிடு காசி. இவங்க வாய் அடைக்கட்டும்."

காசியம்மா பையை மாரோட அணைச்சுக்கிட்டா.

"திருடினேன்னே வச்சுக்குங்கண்ணி. பையை மட்டும் பிரிக்கச் சொல்லாதீங்க."

வள்ளி முகத்துல ரத்தமே இல்ல.

"அதான் ஒத்துக்கிட்டாளே, பிடுங்கிக் கொட்டுப்பா"ன்னு ஒரு குரல் வந்துது. வேற யாரும் இல்ல, நான்தான்.

மூர்த்தி பிடுங்கித் தலைகீழா உதறினான்.

ஒரு காய் இல்ல.

புழு. பச்சையும் பழுப்புமா, ஒண்ணு மேல ஒண்ணு நெளிஞ்சுக்கிட்டு, குவியலா புழு. கூட்டம் அப்படியே ரெண்டடி பின்னால போச்சு. யார் கையில இருந்தோ டீ கிளாஸ் விழுந்து உடைஞ்சுது.

காசியம்மா தரையைப் பார்த்துக்கிட்டே பேசினா.

"தினம் செடியை உலுக்கி, புடவையில பிடிச்சு எடுத்தாந்து என் கோழிக்குப் போடறேன். துவரையில புழுன்னு தெரிஞ்சா, தாலி இல்லாதவ கை பட்டுச்சு, அதான்னு சொல்லுவீங்க. என்னைச் சொன்னா பரவாயில்ல. விதை குடுத்த அண்ணியையும் சேத்துச் சொல்லுவீங்க."

"அதானே, நான் அன்னிக்கே..."ன்னு இழுத்தான் மூர்த்தி.

வள்ளி அவன் பக்கம் திரும்பினா.

"உன் நிலத்துல துவரை விட்டது உன் பொண்டாட்டிதானே மூர்த்தி? பூவும் பொட்டுமாதானே விட்டா? இப்ப செடியில எத்தனை காய் நிக்குது, சொல்லு."

மூர்த்தி மெதுவா கூட்டத்துக்குள்ள பின்வாங்கினான். நானும் அவனோட நகர்ந்தேன்.

வள்ளி குனிஞ்சு காலிச் சாக்கை எடுத்து உதறி மடிச்சா. காசியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு விடுவிடுன்னு துவரைக் காட்டுப் பக்கம் நடந்தா. இன்னும் பாதிச் செடி உலுக்காம கெடக்காம்.

நெளியற புழுவுக்கு நடுவுல நின்னுக்கிட்டு, அப்பாதுரை தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டிருந்தான்.