கால்குலஸ் மேல் அத்தனை ஆசை

"சார், இதுல நம்பரே இல்லையே?"

கால்குலஸ் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுக் கேட்டான் டெரெல். பள்ளியின் மல்யுத்த அணிக்கு அவன்தான் கேப்டன். மேசையும் நாற்காலியும் ஒன்றாய்ச் சேர்ந்த அந்த இருக்கைக்குள் எப்படியோ நுழைந்துவிட்டான். எழுந்தால் அதுவும் கூடவே எழுந்தது.

"பின்னாடி வரும்," என்றார் ஹால்வர்சன்.

"எப்ப சார், டிசம்பர்லயா?"

ஹால்வர்சன் இந்த வருஷம்தான் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து அரசுப் பள்ளிக்கு வந்தவர். முன்பு இருந்தது பணக்காரப் புறநகரில். அங்கே இந்த உயர்நிலைக் கணக்கு வகுப்பில் பிள்ளைக்கு இடம் கேட்டு அப்பா அம்மா வக்கீலோடு வருவார்கள். இங்கே பார்த்தால் மல்யுத்த அணி மொத்தமும் வந்து உட்கார்ந்திருக்கிறது. சோமாலியர், மோங் இனத்தார், மெக்சிகோக்காரர், கறுப்பர், வெள்ளையர் என்று ஊரில் உள்ள எல்லா ஜனத்திலும் ஆள் உண்டு. கணக்குத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஹோடானைத் தவிர. முன் வரிசையில் ஹிஜாபோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சோமாலியப் பெண். பொறியியல் படிக்க வேண்டும், அதற்குக் கால்குலஸ் வேண்டும், அவ்வளவுதான் அவள் உலகம். சார் பலகையில் சமக்குறி போடுவதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். பின் வரிசையில் லிபான் குறட்டை விடுவான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருத்தனும் ஒரு நாளும் லீவு போடவில்லை. காய்ச்சல் என்றாலும் வந்துதான் தூங்கினார்கள்.

முதல் தேர்வில் டெரெலுக்கு நூற்றுக்கு ஐந்து.

"எதுக்கு சார் அஞ்சு?"

"பேர் எழுதினதுக்கு."

டெரெல் திரும்பிப் பார்த்துப் பெருமையாகக் கட்டைவிரலைக் காட்டினான். பின் வரிசை கை தட்டியது.

ஹால்வர்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது என்ன வகுப்பா, சத்திரமா?"

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றாள் ஹோடான். "மார்க் வராட்டியும் அவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்."

அவர் நேராக முதல்வர் யாங் அம்மாவிடம் போனார்.

"மேடம், இவங்களை வெளியே அனுப்பிடுங்க. வகுப்போட மானமே போகுது."

"இந்த வாரம் வேண்டாமே," என்றார் அந்த அம்மா. "நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றாங்க. போட்டோ எடுக்கணும்."

அதிகாரி வந்தார். வகுப்பை ஒரு பார்வை பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"உயர்நிலை வகுப்புல இத்தனை விதமான பிள்ளைங்களை நான் எங்கயும் பார்த்ததில்ல. ஏம்ப்பா, கால்குலஸ்ல உனக்கு என்ன பிடிக்கும்?"

கேள்வி விழுந்தது லிபான் தலையில். அவன் அப்போதுதான் கண் விழித்திருந்தான்.

"அமைதியா இருக்கும் மேடம்."

அதிகாரி உருகிப்போய் அதைக் குறித்துக்கொண்டார். அந்த வாரமே 'மாணவர் சாதனைக் கேடயம்' வந்து சேர்ந்தது. வகுப்பின் சராசரி மதிப்பெண் என்னவென்று யாரும் கேட்கவில்லை. ஹால்வர்சன் அந்தக் கேடயத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

வகுப்பிலிருந்து விலகுவதற்குக் கடைசி நாள் வந்தது. மணி அடித்ததும் டெரெலை மட்டும் இருக்கச் சொன்னார்.

"இன்னிக்கு விலகிட்டா இந்தப் பாடம் எடுத்த சுவடே இருக்காது. விலகலேன்னா நிச்சயம் ஃபெயில். ஃபெயிலானவன் போட்டியில இறங்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப மாநிலப் போட்டி?"

"போச்சு சார்." அவன் குரல் இறங்கிவிட்டது. "கோச் எங்களோட பேசுறதில்ல. எங்கம்மா செருப்பைத் தூக்கிட்டாங்க."

"பிறகென்ன வீம்பு? நானும் கால்குலஸ் படிச்சேன்னு ஊர்ல பீத்திக்கணுமா?"

டெரெல் புத்தகத்தைப் பைக்குள் திணித்தான்.

"விலகிடு. உன் ஆளுங்களையும் கூட்டிட்டுப் போ."

"நாளைக்கு விலகுறோம் சார்."

"நாளைக்கு முடியாது. இன்னிக்குத்தான் கடைசி."

"அதனாலதான் சார்."

ஹால்வர்சன் விழித்தார். டெரெல் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"நீங்க புதுசு, உங்களுக்குத் தெரியாது. பதினஞ்சு பேர் இல்லேன்னா இங்க வகுப்பையே மூடிடுவாங்க. வராதவன் பேரை அடிச்சிடுவாங்க. இன்னிக்குச் சாயங்காலம்தான் கடைசியா தலை எண்ணுறது. இதைத் தாண்டிட்டா வருஷம் பூரா மூட முடியாது. போன வருஷம் இயற்பியல் வகுப்பு அப்படித்தான் போச்சு. ஹோடான் படிக்கட்டுல உக்காந்து அழுதா சார்."

"அவ அழுதா உங்களுக்கென்ன?"

"போன வருஷம் அல்ஜீப்ராவுல நாங்க மொத்தமா ஃபெயிலாக இருந்தோம். தினமும் மத்தியானம் எங்களை உக்கார வச்சு, அவ சாப்பாட்டைக்கூட விட்டுட்டுச் சொல்லிக் குடுத்தா. அதனாலதான் சார் எங்களால விளையாடவே முடிஞ்சது."

ஹால்வர்சனுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக் கிடந்த கேடயத்தை வகுப்பைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

டெரெல் இருக்கையோடு போராடி அதிலிருந்து எழுந்தான். வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"ஹோடான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். எங்களுக்கு நிஜமாவே கால்குலஸ்னா உயிருன்னு நம்பிட்டிருக்கா."