படிகத்தை உடைக்கும் ஊசி

குளிர் அறையில், கம்பளிச் சட்டைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிய நெஜ்லா நுண்ணோக்கியின் மேல் குனிந்திருக்கிறாள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. அதற்குள் கூரான விளிம்போடு இரண்டு படிகங்கள் விளக்கொளியை வாங்கி மின்னுகின்றன. அவை, ஜெரித் உப்பு ஏரியின் நுண்ணுயிரிலிருந்து அவள் பிரித்தெடுத்த ரைபோசோம்கள், உயிர்களுக்குள் ஓயாமல் புரதம் கோத்துக்கொண்டிருக்கும் அந்தப் பொடி எந்திரங்கள், அணிவகுத்து உறைந்தவையாக இருக்கலாம். வெறும் உப்பாகவும் இருக்கலாம். தலை நரைக்கும்வரை அவள் வளர்த்த படிகங்களெல்லாம் கடைசியில் உப்பாகத்தான் போயிருக்கின்றன. இப்போதே தெரிய வேண்டுமானால் ஒன்றைக் குத்தி உடைக்க வேண்டும். உப்பென்றால் டிக்கென்று தெறிக்கும்; ரைபோசோமென்றால் சத்தமில்லாமல் நசுங்கும்.

"உப்புன்னா சொல்லுக்கா, மத்தியானம் கூஸ்கூஸ்ல போட்டுக்கலாம்," என்கிறான் கூட வேலை பார்க்கும் மொன்செஃப், உள்ளங்கைகளைத் தேய்த்தபடி.

"வாயை மூடுடா. எனக்குக் காது கேக்கணும்."

அவன் எட்டிப் போய்க் குளிர்விசிறியை நிறுத்துகிறான். அறை அடங்குகிறது. ஊசி முனை படிகத்தைத் தொடுகிறது, அழுத்துகிறது, பழுத்த பேரீச்சைக்குள் போவதைப் போல உள்ளே இறங்குகிறது. சத்தமே இல்லை. படிகம் மெத்தென்று சரிந்து பொடியாகிறது. மிச்சமிருக்கும் ஒற்றைப் படிகத்தின் மேல் தன் மூச்சு பட்டுவிடாமல், நெஜ்லா கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.