பயப்படாதவர் தேவை

கதிரேசனுக்குக் கடுமையான நிமோனியா. நோயாளிக்கு ஒரு கைப்பட்டை, கவனிப்பவருக்கு ஒரு கைப்பட்டை என்று வீட்டிலேயே மாட்டிவிட்டு மருத்துவமனை ஆட்கள் போய்விட்டார்கள். பட்டையில் கவனிப்பவரின் நாடித்துடிப்பு எகிறினால், நோயாளியை வைத்துப் பார்க்கும் தகுதியை வீடு இழக்கும். வேன் வந்து, படுக்கை காலியாக இருக்கும் ஊருக்கு நோயாளியைத் தூக்கிப்போகும். எதிர்வீட்டுக்காரரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். எந்த ஊர் என்று இன்னும் தகவல் இல்லை.

ஆகவே மனைவி செண்பகா பயப்படக்கூடாது. அவர் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் அவள் பட்டை மஞ்சளாக மின்னியது.

"பயப்படாதடி, என்னைத் தூக்கிட்டுப் போயிடுவான்," என்றார் கதிரேசன். அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பட்டையைக் கழற்றித் தம்பி தயாளன் கையில் மாட்டினாள். வீடு தீப்பிடித்தாலும் காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுகிறவன் அவன்.

"எனக்கென்னக்கா பயம்? நீ போய் மாமாவைப் பாரு," என்று டிவி முன்னால் உட்கார்ந்தான்.

பட்டை பச்சையானது. செண்பகா நிம்மதியாகப் பயந்தாள்.

சாயங்காலம் பட்டை சிவந்து அலறியது. அவள் ஓடிவந்தாள். டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர். தயாளன் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தான்.

"பயம் இல்லக்கா, சத்தியமா! ரெண்டு பந்துல ஆறு ரன்க்கா!"

வேனில் வந்தவர்கள் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் போகும்போது கதிரேசன் ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "ஜெயிச்சமா மாப்ள?" என்றார்.

வேன் கதவு மூடியது. செண்பகாவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதை இப்போது யாரும் அளக்கவில்லை.